காவடிச் சட்டத்தை நானே வெல்டிங் செய்யலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"வணக்கம் அண்ணே. நான் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். எங்கள் குழுவில் வருஷா வருஷம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிறோம். போன தைப்பூசத்தில் என் மைத்துனர் எடுத்த காவடியில் இடுப்புப் பக்கம் ஒரு வெல்டிங் பாதி வழியில் விட்டுப்போனது. கயிறு போட்டுக் கட்டித்தான் மலை ஏறினோம். சட்டம் செய்து கொடுத்த கடையில் கேட்டால், ஆடினால் உடையத்தான் செய்யும் என்கிறார்கள். இந்த முறை நானே செய்யலாம் என்று பார்க்கிறேன். ஆன்லைனில் சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மெஷின் கிடைக்கிறது. மிக் வாங்குவதா, சாதா குச்சி மெஷின் போதுமா? அலுமினியம் ஒட்ட முடியுமா? வீட்டுப் பிளக் தாங்குமா? நான் போட்ட வெல்டிங் நிற்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மலையில் மறுபடி உடைந்தால் என்ன செய்வது? நண்பனின் மெஷினில் ஒரு மணி நேரம் பழகிப் பார்த்தேன். அன்று ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. அதற்கு ஏதாவது மருந்து உண்டா?"

தம்பி, போகிறபோக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கண் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம்.

வெல்டிங் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. வெயிலில் நின்றால் தோல் எரிவது போலத்தான், ஆனால் இது கண்ணில். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, நல்ல தூக்கத்தில், மணல் உறுத்தல் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். கண்ணைக் கசக்காதீர்கள், ஈரத்துணியை மூடிய இமை மேல் வையுங்கள், வலி அதிகமாக இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். பட்டறைகளில் உருளைக்கிழங்கு சீவி வை, தாய்ப்பால் விடு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டில் வைத்து அடிக்கடி விடுவதும் ஆபத்து, அது கருவிழி ஆறுவதைக் கெடுக்கும்.

நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினெட்டு வயதில், பிறையில் ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது, நான் வெல்டிங் அடிக்கவில்லை, பைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். "நீ பார்க்காதே, முகத்தைத் திருப்பிக்கொள்" என்றார் முதலாளி. அதுதான் அன்றைய பாதுகாப்பு ஏற்பாடு. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சமே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதனால் சொல்கிறேன், முகமூடி உங்களுக்கு ஒன்று, பிடித்துக்கொள்கிறவருக்கு ஒன்று. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி, அதாவது சாதாரண கூலிங் கிளாஸ், இதற்கு ஆகாது. முகமூடிக் கண்ணாடியின் இருட்டுக்கு ஓர் எண் உண்டு, நீங்கள் போடப்போகிற ஆம்பியருக்கு 10ஆம் எண் கண்ணாடி சரியாக இருக்கும். தானாக இருட்டாகும் முகமூடி வாங்கினால் புதிதாகப் பழகுகிறவருக்கு நல்லது, குச்சியை எங்கே தொடுகிறோம் என்று தெரிந்தே தொடலாம். அரைக்கை பனியனும் செருப்பும் வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய சப்பாத்து. பாலியெஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, இப்போது காவடிக்கு வருவோம்.

கடிதத்தில் "ஒட்ட முடியுமா" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மைத்துனரின் சட்டம் ஏன் விட்டுப்போனது என்பதற்குப் பாதிப் பதில் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நகை ஆசாரி பொடி வைத்து ஊதும்போது பொடி மட்டும்தான் உருகும், நகை உருகாது. அது ஒட்டுவது. வெல்டிங்கில் இரண்டு துண்டும் உருக வேண்டும். இரண்டின் ஓரமும் உருகி, மேலே நாம் சேர்க்கும் உலோகமும் உருகி, மூன்றும் ஒன்றாகக் கலந்து உறைய வேண்டும். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வேண்டும். வெல்டிங் குச்சியின் முனையில் எரியும் ஆர்க், அதாவது மின்சாரச் சுடர், அதைவிடப் பல ஆயிரம் பாகை அதிகச் சூடு. எனவே சூட்டுக்குப் பஞ்சம் இல்லை. அதை எந்த இடத்தில், எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. ஆம்பியரைக் குறைத்து வைத்து அவசரமாக இழுத்தால் குச்சி உருகிப் பைப்பின் மேல் மெழுகு சொட்டிய மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பார்க்கக் கொழுகொழுவென்று அழகாக இருக்கும். அடியில் பைப் உருகியே இருக்காது. உடைந்த இடத்தைப் பாருங்கள். பைப்பின் முகம் வழவழவென்று, பழைய துருவோ பெயின்ட்டோ அப்படியே தெரிகிற மாதிரி இருந்தால் இதுதான் காரணம். ஆட்டத்தின் மேல் பழி போட வேண்டாம், காவடி என்றால் ஆடத்தான் செய்வார்கள்.

எந்த மெஷின் என்று கேட்டீர்கள். எல்லா வெல்டிங்கிலும் ஒரு பொதுப் பிரச்சினை உண்டு. உருகிய இரும்பைக் காற்று தொட்டால் கெட்டது, ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்து ஓட்டை விழும், உடையக்கூடியதாகிவிடும். காற்றை எப்படித் தள்ளி வைக்கிறோம் என்பதில்தான் ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது. ஆரம்பத்தில் வெறும் கம்பியை வைத்துத்தான் வெல்டிங் அடித்தார்கள், அது சரியாக நிற்கவில்லை. சுவீடனில் கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆஸ்கர் கெல்பெரி என்பவர் கம்பிக்கு மேல் மாவு மாதிரி ஒரு பூச்சு கொடுத்துப் பார்த்தார். பூச்சு எரிந்து புகையாகி உருகலை மூடிக்கொள்கிறது, மிச்சம் கசடாக மேலே படிந்து ஆறும்வரை போர்வை போலக் காக்கிறது. 1904இல் அவர் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் பெயரை இன்றும் வெல்டிங் சாமான் கடைகளில் பார்க்கலாம். குச்சி வெல்டிங்கின் கதை அவ்வளவுதான்.

மிக் மெஷினில் குச்சி கிடையாது. ஒரு சுருளிலிருந்து மெல்லிய கம்பி துப்பாக்கி வழியாகத் தானாக வந்துகொண்டே இருக்கும், சுற்றிலும் வாயு ஊதும். கார்பன் டை ஆக்சைடு தனியாகவோ ஆர்கானோடு கலந்தோ இருக்கும். கசடு இல்லை, பழகுவது எளிது, மெல்லிய தகட்டுக்கு நல்லது. ஆனால் சிலிண்டர் வேண்டும், ரெகுலேட்டர் வேண்டும், காற்று அடித்தால் வாயு பறந்துவிடும். கார் நிறுத்துமிடத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு, கடற்கரைக் காற்று வீசும் பட்டர்வொர்த்தில், பாதி நாள் சள்ளைதான். வாயு இல்லாமல் ஓடும் மிக் என்று விற்கிறார்களே, அதில் கம்பிக்குள்ளேயே பூச்சுப் பொடி இருக்கும். அது வேலை செய்யும், பொறி அதிகம், புகையும் அதிகம். டிக் என்பது மூன்றாவது. உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க், சுற்றி ஆர்கான், இன்னொரு கையால் நிரப்புக் கம்பி. நகை வேலை மாதிரி சுத்தமாக வரும். நீங்கள் கடைகளில் பார்க்கும் பளபள ஸ்டெயின்லெஸ் வேலை பெரும்பாலும் இதுதான். பழக மாதக்கணக்கில் ஆகும். கேஸ் வெல்டிங்கை வீட்டில் நினைத்தே பார்க்காதீர்கள். அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்க வைக்கக்கூடாது, அழுத்தம் கூடினால் தானே வெடிக்கும் குணமுள்ள வாயு அது.

என் யோசனை, குச்சி மெஷின் வாங்குங்கள். இன்வெர்ட்டர் வகை, கையில் தூக்கிப்போகலாம். பெட்டியில் 200 ஆம்பியர், 300 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பின்பக்கத்துத் தகட்டில் இத்தனை ஆம்பியருக்கு இத்தனை சதவீதம் என்று ஓர் அட்டவணை இருக்கும். 30 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம்தான் அந்த ஆம்பியரில் அடிக்கலாம், மீதி ஏழு நிமிடம் மெஷின் ஆற வேண்டும். அந்தத் தகடே இல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன்.

பிளக் பற்றி. நம் சுவரில் இருக்கும் மூன்று ஊசிப் பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் பார்த்தால் ஏறக்குறைய 3,000 வாட். 2.6 மி.மீ. குச்சிக்கு 80 ஆம்பியர் வைத்தால் ஆர்க்கில் 23 வோல்ட் அளவுக்கு நிற்கும், பெருக்கினால் 1,840 வாட். மெஷினில் வீணாவதையும் சேர்த்தால் பிளக்கின் எல்லைக்கு அருகே வந்துவிடுகிறது, ஆனாலும் சமாளிக்கும். 3.2 மி.மீ. குச்சிக்கு 120 ஆம்பியர் வைத்தால் 3,000 வாட் ஆர்க்கிலேயே போய்விடும். மெஷின் இழுப்பது 15 ஆம்பியரைத் தாண்டும், பிளக் சுடும், ஃபியூஸ் போகும், பழைய வயரிங் என்றால் சுவருக்குள் காயும். பெரிய ஃபியூஸ் மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நீங்களே டெக்னீஷியன், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு வயர் போட்டால் தடித்த வயராக, சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே உருகிவிடும்.

மெஷினைப் போட்டு, ஆர்க் இல்லாமல் இருக்கும்போது கைப்பிடியில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். காய்ந்த கையுறையில் பயமில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் கையுறை நனைந்துவிடும், சட்டையும் நனைந்துவிடும். இன்னொரு ஜோடி காய்ந்த கையுறையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரை ஈரமாக இருந்தால் பலகை போட்டு நில்லுங்கள். மழை வந்தால் நிறுத்திவிடுங்கள்.

குச்சி வாங்கும்போது பெட்டியில் ஈ 6013 என்று போட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் 60, வெல்டு உலோகம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவை தாங்கும் என்பதற்கு. அடுத்த 1, படுக்கையாக, நட்டுக்குத்தலாக, தலைக்கு மேலே என எந்த நிலையிலும் அடிக்கலாம் என்பதற்கு. கடைசி 3, முன்னிருக்கும் 1உடன் சேர்ந்து, பூச்சின் வகையைச் சொல்கிறது. கைக்குப் பணிந்துபோகும் குச்சி இதுதான். 7018 இன்னும் வலு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதன் பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பெட்டியைத் திறந்த பிறகு 100 பாகைக்கு மேல் சூடாக வைத்திருக்கும் அடுப்பில் வைக்க வேண்டும். அடுப்பு இல்லாமல் அதை வாங்கி வீட்டு அலமாரியில் வைப்பது வீண். 6013 அவ்வளவு செல்லம் இல்லை, மூடிய டப்பாவில் காய்ந்து இருந்தால் போதும்.

முதல் இரண்டு வாரம் காவடியைத் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் 5, 6 மி.மீ. தட்டை இரும்பு எடைக்கு வாங்கி வாருங்கள். துரு, பெயின்ட், எண்ணெய் போகக் கிரைண்டரில் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். எண்ணெய் போக்க பிரேக் கிளீனர் தெளித்துவிட்டு வெல்டிங் அடிக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் குளோரின் கலந்த திரவம் இருக்கும், ஆர்க்கின் சூட்டிலும் வெளிச்சத்திலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு.

எர்த் கிளிப்பை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, தேய்த்த இரும்பில் மாட்டுங்கள். தீக்குச்சி உரசுவது போல உரசித் தூக்கினால் ஆர்க் பிடிக்கும். ஒட்டிக்கொண்டால் பதறாமல் ஒரு திருகு திருகி எடுங்கள். குச்சி முனைக்கும் இரும்புக்கும் இடையே குச்சியின் தடிமன் அளவு இடைவெளி போதும். நீங்கள் போகிற பக்கம் குச்சியைக் கொஞ்சம் சாய்த்து, முனை பின்னால் உருகியிருப்பதைப் பார்த்தபடி இருக்கட்டும். எல்லாம் சரியாக இருந்தால் எண்ணெய்ச் சட்டியில் வடை போட்டதும் ஒரு சீராகப் பொரியும் பாருங்கள், அந்தச் சத்தம் வரும். பட்பட்டென்று வெடித்தால் இடைவெளி அதிகம். சத்தமே அடங்கிக் குச்சி ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆம்பியர் போதவில்லை.

புதிதாக வருகிற எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது, என்னிடம் பழகிய பையன்களில் ஒருவனாவது இதில் மாட்டாமல் போனதில்லை. வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது, அதற்குப் பின்னால் உருகித் தேங்கி நிற்கும் இரும்பைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு இருக்கும். ஒன்று பளிச்சென்று கண்ணாடி போல நிற்பது, அது இரும்பு. இன்னொன்று அதன் மேல் மங்கலாக ஊர்ந்துகொண்டே வருவது, அது கசடு. கசடு முன்னால் ஓடிவந்து இரும்பை முந்திவிட்டால் அதன் மேலேயே வெல்டு விழும், உள்ளே மண் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி ஆகிவிடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி வெல்டர் ஆகிவிட்டீர்கள். எனக்கு ஒரு மாதம் ஆனது. உங்களுக்குத் தானாக இருட்டாகும் முகமூடி இருக்கிறது, சீக்கிரம் வரலாம்.

அடித்தது நிற்குமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, உடைத்துப் பார்ப்பதுதான். ஒரு தட்டையின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் அடியுங்கள். ஆறிய பிறகு வைஸில் பிடித்து, நிற்கிற தட்டையை வெல்டு இருக்கும் பக்கமாகவே சுத்தியலால் அடித்து மடக்குங்கள். மூலையில் வெல்டு பிளந்தால் உள்ளே பாருங்கள். இரண்டு தட்டையும் உருகிக் கலந்து கரடுமுரடாகத் தெரிய வேண்டும். நேர்கோடாக ஒரு விளிம்பு வெட்டினது வெட்டினபடியே தெரிந்தால், அங்கே வெல்டு மேலே உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். ஆம்பியரைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து மறுபடி அடியுங்கள். தட்டை பிளக்காமல் அப்படியே மடங்கிவிட்டால் சந்தோஷப்படுங்கள். இப்படிப் பத்துத் துண்டு உடைத்தவர், நூறு துண்டு அடித்து அடுக்கி வைத்தவரைவிட நல்ல வெல்டர் ஆவார். பட்டறைகளில் இதைச் செய்ய நேரம் கொடுக்க மாட்டார்கள், உங்களுக்கு வீட்டில் இருக்கிறது.

அடுத்தது பைப். காவடிச் சட்டத்துக்கு நீங்கள் எடுக்கப்போவது 1.2, 1.5 மி.மீ. சுவருள்ள பைப்பாகத்தான் இருக்கும், கனம் ஆகாதே. இதில் 2.6 மி.மீ. குச்சி வைத்தால் கண் இமைப்பதற்குள் ஓட்டை விழும். 2 மி.மீ. குச்சி வாங்கிக்கொள்ளுங்கள், 40 முதல் 60 ஆம்பியர். ஒரே இழுப்பில் அடிக்காமல் ஒரு விரற்கடை அடித்து நிறுத்தி, சிவப்பு மங்கிய பிறகு அடுத்தது. முதலில் நான்கு பக்கமும் புள்ளி வைத்து, அளவு பார்த்து, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி அடியுங்கள். ஒரே பக்கம் அடித்தால் ஆறும்போது சுருங்கி இழுத்துவிடும், தோளில் வைத்தால் காவடி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இந்த மெல்லிய பைப்பில்தான் மிக் மெஷின் உண்மையிலேயே உதவும். நண்பரிடம் மிக் இருந்தால் பைப் வேலைக்கு மட்டும் இரவல் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பைப் வெள்ளையாக, பூப்பூவாக மினுங்கினால் அது ஜி.ஐ., துத்தநாகம் பூசியது. துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும், அதாவது இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே. வெள்ளைப் புகை கிளம்பும், ஒட்டடை போலப் பறக்கும். அதைச் சுவாசித்தால் அன்று மாலையோ ராத்திரியோ குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் ஓர் உலோக ருசி. டெங்கியோ என்று பயந்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு நாளில் போய்விடும், ஆனால் அதற்காக லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனைதான். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் பட்டறையில் ஆளுக்கு ஒரு டின் பால் கொடுப்பார்கள், பாலுக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பு இரும்புப் பைப்பாக வாங்குங்கள், பிறகு பிரைமர் அடித்துப் பெயின்ட் அடித்தால் போகிறது. ஜி.ஐ.தான் இருக்கிறது என்றால் அடிக்கிற இடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் தேய்த்தெடுத்து, திறந்த வெளியில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று அடியுங்கள்.

எந்த வெல்டிங் புகையும் நல்லதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் வெல்டிங் புகையை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் சேர்த்துவிட்டது. எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லவில்லை. வெறும் துணி முகக்கவசம் போதாது, துகளை வடிகட்டும் முகக்கவசம் போடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, வேர்வைக்கும் கடல் காற்றுக்கும் நல்லது, பார்க்கவும் அழகு. ஆனால் சாதா இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும், சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அதனால் வளையம் கோணிக்கொள்ளும். 304 வகைக்கு 308எல் குச்சி, ஸ்டெயின்லெஸ்ஸையும் இரும்பையும் சேர்க்க 309எல். இரும்பு தேய்த்த பிரஷ்ஷால் இதைத் தேய்த்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். இதன் புகையில் இருக்கும் குரோமியம் இன்னும் மோசம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியத்துக்கு என் பதில், வேண்டாம். அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். தோல் உருகுவதற்குள் உள்ளே இருப்பது கஞ்சியாகிவிடும். மாறு மின்னோட்டம் கொடுக்கும் டிக் மெஷினில் அந்தத் தோலைக் கழற்றிக்கொண்டே அடிப்பார்கள். உங்கள் சில நூறு வெள்ளி மெஷினில் நடக்காது. இன்னொன்றும் இருக்கிறது. சூட்டுப் பதம் கொடுத்து உறுதியாக்கிய 6061 போன்ற அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் பதம் இறங்கி, வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். நல்ல கை அடித்தாலும் அப்படித்தான். அலுமினியக் காவடி வேண்டுமென்றால் தகடு வைத்து போல்ட் முடுக்குங்கள். கழற்றி வைக்கவும் வசதி.

உங்கள் மைத்துனரின் காவடி இடுப்புப் பக்கம் உடைந்தது தற்செயல் இல்லை. மேலே மயிலிறகும் அலங்காரமும் ஆடுகிற ஒவ்வொரு அசைவும் நெம்புகோல் மாதிரி அந்த மூலையைத்தான் வளைக்கும். இருபது கிலோ சும்மா நிற்பது வேறு, இருபது கிலோ உறுமி மேளத்துக்கு ஆடுவது வேறு. அந்த மூலைகளில் வெறும் வெல்டை நம்பாமல், 3 மி.மீ. தகட்டில் முக்கோணம் வெட்டி உட்பக்கம் வைத்து அடியுங்கள். முக்கோணத்தின் முனை பைப்பில் முடியும் இடத்தில் அடி வாங்கும், அங்கே குச்சியை நிறுத்தாமல் சுற்றி எடுத்து முடியுங்கள். இரண்டு முனையும் மூடிய பைப்பில் ஊசித் துளை ஒன்று போட்டுவையுங்கள். உள்ளே சூடாகும் காற்றுக்கு வழி இல்லை என்றால் கடைசி வெல்டை அது ஊதித் தள்ளிவிடும். முடித்ததும் கசடு தட்டி, உடம்பில் படும் பக்கமெல்லாம் கிரைண்டரில் மழுக்குங்கள், ஆனால் வெல்டைச் சமதளமாகத் தேய்த்துவிடாதீர்கள். அழகுக்காகத் தேய்த்துத் தேய்த்துப் பாதி வெல்டைத் தின்றுவிட்ட சட்டங்கள் நிறைய உண்டு.

பிறகு அலங்காரம் வைப்பதற்கு முன்னால், தாங்கப்போகும் எடையைப் போல இரண்டு மடங்கு மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள், ஆட்டிப் பாருங்கள். மூலைகளில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் வெடித்தால் அடியில் வெல்டு வெடிக்கத் தொடங்கியிருக்கிறது.

முறையாகப் படிக்க ஆசை இருந்தால், நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரில் ஐ.எல்.பி. என்ற தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, கியாட்மாரா கைத்தொழில் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. வெல்டிங்கில் குறுகிய கால வகுப்பு எப்போது என்று நேரில் கேட்டுப் பாருங்கள். எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வரை போவது உங்கள் விருப்பம். வார இறுதி வேலைக்கு அது கட்டாயமில்லை.

மலையில் உடைந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். அங்கே மெஷினை இறக்காதீர்கள். மயிலிறகு, போம் பலகை, ஜரிகை, கற்பூரம், நெய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு பொறி போதும். வெல்டிங் முடிந்து அரை மணி, ஒரு மணி நேரம் கழித்தும் புகைந்து பற்றிக்கொள்ளும். ஆள் தோளில் காவடி இருக்கும்போது அடிப்பது பற்றி நினைக்கவே வேண்டாம், கொக்கி வழியாகவும் வேல் வழியாகவும் மின்சாரம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பையில் நாலைந்து ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப், இரண்டு யூ போல்ட், ஓர் அடி நீளத் தட்டை இரும்பு, ஸ்பானர் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த இடத்துக்குத் தட்டையை அணை கொடுத்து கிளிப் போட்டு முடுக்கினால் ஐந்து நிமிட வேலை. கயிற்றைவிட நன்றாகவே நிற்கும்.